தனித்து நின்ற பெட்டி

ஒரு மையத்தின் தரவு மற்ற மையங்களிலிருந்து விலகி நின்றால் முதலில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்து எழுதிய பிறகே அந்த மையத்தை நிறுத்தலாம். எங்கள் மருந்துச் சோதனையின் நடைமுறைக் கையேட்டில் இப்படித்தான் இருந்தது. அந்த வரியை எழுதியவன் நான். அதைவிட நன்றாக நினைவிருப்பது அந்தப் படம். இரத்த அழுத்த மருந்து ஒன்றைப் பல ஊர்க் கிளினிக்குகளில் சோதித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு கிளினிக்கின் அளவுகளையும் ஒரு பெட்டியாக வரைந்து வரிசையில் நிறுத்துவோம். அளவுகள் நெருங்கியிருந்தால் பெட்டி குட்டை, சிதறியிருந்தால் நெட்டை. அன்று திரையில் எல்லாப் பெட்டிகளும் பள்ளிக்கூடச் சபைகூடலில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி குட்டையாக, ஒழுங்காக நின்றன. சுங்கை பெசார் கிளினிக்கின் பெட்டி மட்டும் மேலும் கீழும் புள்ளிகளை இறைத்துக்கொண்டு நெட்டையாக நின்றது.

அங்கே அளவு எடுத்தவர் ஒரு மிஸ்ஸி. தாதியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், கணவர் இல்லை, சிரித்துப் பேசும் வழக்கமும் இல்லை. இந்தக் கடைசிக் குறைதான் பின்னால் அவருக்கு எதிராக அதிகம் பேசப்பட்டது.

துறைத் தலைவரான டாக்டரிடம், நேரில் போய் வருகிறேன் என்றேன். "சுங்கை பெசாருக்கா? எதுக்கு? படத்துலயே தெரியுதே. அந்தம்மா மீன் தராசுல பிரஷர் பார்க்குது போல" என்றார். அறையே சிரித்தது. அந்த வாரமே மையம் மூடப்பட்டது. 'நம்பத்தகாத தரவு' என்ற இரண்டு சொற்களோடு மிஸ்ஸி வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

விதியை நான் என் சொந்த விடுப்பில் நிறைவேற்றினேன். சுங்கை பெசாரில் மிஸ்ஸியின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டே பேசினார். "ஒருத்தன் வயல்லேர்ந்து நேரா மோட்டார்ல வர்றான். ஒருத்தன் கருவாடு தின்னுட்டு வர்றான். இன்னொருத்தன் மாத்திரைய மறந்துட்டு வர்றான். அளவு எப்படி சார் ஒண்ணா இருக்கும்? நல்லதா போடு மிஸ்ஸி, டாக்டர் ஏசுவாருன்னு கெஞ்சுவாங்க. பிரஷர் உனக்கா பேப்பருக்கான்னு கேப்பேன்."

பிறகு குட்டைப் பெட்டி மையம் ஒன்றுக்குப் போய் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த மிஸ்ஸி தங்கமானவர். ஒரு பெரியவருக்கு அளவு ஏறியிருந்தது. "பயப்படாதீங்கப்பா, தண்ணி குடிங்க, நல்லா வரும்லா" என்று விசிறியை அவர் பக்கம் திருப்பினார். மறுபடி எடுத்தார், மறுபடியும் எடுத்தார். அழகான எண் வந்ததும் அதை மட்டும் பதிந்தார். பெரியவருக்கு ஏச்சு இல்லை, டாக்டருக்குத் தலைவலி இல்லை, எங்களுக்குக் குட்டைப் பெட்டி. விசாரித்துப் பார்த்தால் மற்ற மையங்களிலும் இதே அன்புதான். எங்கள் படத்துக்கு யார் பொய் சொல்கிறார் என்று தெரியாது. யார் மற்றவர்களைப் போல இல்லை என்று மட்டுமே தெரியும்.

இதையெல்லாம் எழுதி, சோதனையை மேற்பார்வையிடும் மேற்குழுவுக்கு அனுப்பினேன். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது இன்னொரு விதி. பதில் வருவதற்குள் நான் ஓய்வுபெற்றுவிட்டேன். சுங்கை பெசாரோ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கோயில் திருவிழாவில் சாப்பாட்டு வரிசையில் ஒருவர் மிஸ்ஸியின் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். "எனக்கும் ஒரு நம்பர் எழுது மிஸ்ஸி, உன் இஷ்டத்துக்கு." நல்லதாகப் போடச் சொல்லிக் கெஞ்சியவர்களில் அவரும் ஒருவர். "உங்களுக்கு நான் எழுதினதெல்லாம் உங்க நம்பர்தான் அண்ணே" என்றார் மிஸ்ஸி. வரிசை அதற்கும் சிரித்தது. மிஸ்ஸி சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்.

குவாலா சிலாங்கூரில் ஒரு தனியார் கிளினிக் அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அவர் மீது குறை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும், அதுவும் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் என்றார்கள். நான் மேற்குழுவுக்கு நினைவூட்டல் அனுப்பினேன், போனிலும் கேட்டேன். கோப்பு மேசையில் இருக்கிறது என்றார்கள். யார் மேசை என்று கேட்டேன். அதைச் சொல்லும் நடைமுறை இல்லையாம். மிஸ்ஸி இப்போது ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறார்.

துறைத் தலைவரான டாக்டர் புதியவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இன்றும் அந்தப் படத்தைத்தான் திரையில் போடுகிறாராம். நெட்டைப் பெட்டியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மோசடியைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது பாடம்.

மேற்குழு பதில் எழுதாமல் இல்லை. சுங்கை பெசார் மையத்தின் தரவில் குறையேதும் காணப்படவில்லை; மையம் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டதால் மேல் நடவடிக்கை தேவையில்லை. பதில் வந்த தேதி, ஜனவரி இரண்டு.