கம்பம் பஸ்ல இன்டர்வியூ பயிற்சி

நாளைக்கு எனக்கு டேட்டா இன்ஜினியர் வேலைக்கு இன்டர்வியூ. தேனியில கம்பம் பஸ் ஏறினதுல இருந்து தோழி ரம்யா போன்ல கேள்வி கேட்க, நான் பதில் சொல்லிக்கிட்டே வந்தேன். ஹெட்செட் ரிப்பேர், அதனால ஸ்பீக்கர்ல.

"ஒரே ஆர்டர் டேட்டாபேஸ் டேபிள்ல ரெண்டு தடவை ஏறியிருக்கு. எப்படி நீக்குவ?"

போன இன்டர்வியூவுல கோட்டை விட்ட அதே கேள்வி. இன்னிக்கும் பதில் வாயில வரல. சுத்தி இருந்தவுக எல்லாம் பேச்சை நிறுத்திட்டு என்னையே பாக்குறாக.

பக்கத்து சீட்டு அக்கா என் போன்கிட்ட குனிஞ்சாக. "ஏத்தா, பிள்ளை இம்புட்டு நேரம் நல்லாத்தானே சொல்லிட்டு வந்துச்சு? வேற கேளு."

ரம்யா பயந்துபோய் வேற கேட்டா.

வீரபாண்டி வந்ததும் அந்த அக்கா அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுட்டு என்கிட்ட சொன்னாக. "உனக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன் ஆத்தா. வேலை கிடைச்சுரும்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. "ரொம்ப நன்றிக்கா"ன்னேன்.

"எனக்கு எதுக்கு நன்றி? வேலை கிடைச்சா திருவிழாவுக்கு நீ தீச்சட்டி எடுப்பேன்னு நேந்திருக்கேன். மறந்துராத."

அந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வந்து பதில் படிச்சுட்டேன். சட்டிக்கு அடியில எம்புட்டு வேப்பிலை வச்சா கை சுடாதுன்னு, எடுத்தவுக யாராச்சும் சொல்லுங்க.