பிரிக்காத கட்டு

தெருவில் அவளுக்குப் பெயர் கட்டு சிஸ்டர். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. யாராவது வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தால் தொலைந்தார்கள். "கட்டினது நானு, பிரிக்கிறதும் நான்தான். நடுவுல நீங்க யாரு?" என்று வார்டே அதிரக் கத்துவாள்.

அப்பேர்ப்பட்டவள்தான் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அக்காவின் மகன், வீட்டுக்குப் பின்னாலிருந்த மாமரத்தை அடுத்த மாதம் வெட்ட ஆள் சொல்லிவிட்டான். தேனும் தோற்கும், அந்தப் பழத்திடம். அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், "அழாதீங்கக்கா, உங்க மரத்தை நான் பிழைக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். எப்படி என்று அப்புறம்தான் செல்போனில் தேடினாள்!

கொட்டையை நட்டால் அதே ருசி வரும் என்று நம்ப முடியாதாம், ஒட்டுத்தான் கட்ட வேண்டுமாம். நர்சரியிலிருந்து தொட்டியோடு வாங்கி வந்த மாங்கன்றுகளின் தலையைச் சீவி, தண்டைப் பிளந்து, அக்கா மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரிச் செதுக்கிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றினாள். கையா அது! கட்டு அச்சு அசலாக உட்கார்ந்தது. ஆனால் குச்சிகள் ஒவ்வொன்றாகக் கருகின. இன்னும் சீவாமல் மிஞ்சியது ஒரே ஒரு கன்று.

மரம் வெட்டுகிறவர்கள் வந்த காலையில், கருகிக்கொண்டிருந்த கடைசிக் குச்சியின் கட்டைப் பிரித்து, வெட்டுவாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். டூட்டிக்குக் கிளம்புமுன் தினமும் செய்வதுதான். புண்ணை அப்படித்தானே பார்க்க வேண்டும்? பஸ் கண்டக்டரான அவள் புருஷன் பல் தேய்த்தபடி வந்து நின்றான்.

"தினமும் இப்படித்தான் பிரிக்கிறியா?"

"கட்டினது நான்தானே?"

"கட்டினது நீதான். ஒட்ட வேண்டியது அது ரெண்டும். நடுவுல நீ யாரு?"

அவளுக்குச் சுருக்கென்றது. சேரப் பார்த்ததையெல்லாம் தன் கையே பிரித்துப் போட்டிருக்கிறது! மதிலுக்கு அந்தப் பக்கம் ரம்பச் சத்தம் கேட்டது. விழுந்து கிடந்த கிளையிடம் ஓடிப்போய்க் குச்சி வெட்டி வந்து, மிஞ்சிய கன்றில் செருகிக் கட்டினாள். ஸ்பிரிட் பாட்டிலைப் புருஷனிடம் நீட்டி, "என் கண்ணுல படாம எங்கயாவது வைங்க" என்றாள்.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு! கை நமநமவென்றது. வேலை விட்டு வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நிற்பாள். புருஷன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே இருமுவான்.

ஒருநாள் குச்சியின் நுனி விரிந்து செம்பு நிறத்தில் இரண்டு இலை எட்டிப் பார்த்தது. அவள் போட்ட கூச்சலில் கண்டக்டர் சோப்பு நுரையோடு ஓடிவந்தான்.

மதிலோரம் எடுத்து நட்ட கன்று சில வருஷத்தில் மரமாகி, காய்த்தது. முதல் பழத்தை அவள் வேறு யாருக்கும் தரவில்லை. நேரே அக்கா கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். முழங்கை வரை சாறு வழிய அக்கா தின்றாள். கண்ணைத் துடைக்கக் கை சும்மா இல்லை.

"அதே பழம்டி. என் மரம் பிழைச்சிடுச்சு!"

கட்டு சிஸ்டர் இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள்.

"பிழைக்காம? யாரு போட்ட கட்டு!"