கடைசி ரீல்

ஒரு காலத்தில் ராஜபாளையத்துக்கே படம் காட்டியவன் நான்தான். சரி, பொய். படப்பெட்டியை மொபெட்டில் சுமந்தவன். இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் பொழுது போகாமல் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைத் திட்டாதீர்கள். நான் அந்தப் பக்கமே போனதில்லை.

ஒரே பிரிண்டை இரண்டு ஊரிலும் ஓட்டுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடி முடிந்த ரீலை நான் ராஜபாளையத்துக்குக் கொண்டுவர வேண்டும். அன்று கையிலிருந்தது கதாநாயகன் சாகிற கடைசி ரீல். வழியில் டயர் பஞ்சர். தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தால், படம் பாதியில் நின்று தியேட்டருக்குள் ஒரே விசில்.

பஞ்சாலையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா வாசலில் மறித்தார். பார்த்த படத்தையே மறுபடி பார்க்க வந்தவர்.

“எதுக்குய்யா இப்படி ஓடுத? செத்த நேரம் நில்லு.”

“மொதலாளி என்னைய வேலையை விட்டுத் தூக்கிருவாருக்கா!”

“நீ போனா படத்துல அவனைக் கொன்னுருவாக. பெட்டி வராத மட்டும் உசுரோடதான இருக்கான்?”

சிரிக்க வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் செத்து, சனம் அழுது முடித்து வீட்டுக்கே போய்விட்டது. இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறான். அவன் விதி என் தோளில் கனத்தது. வசவு வாங்கினாலும் பரவாயில்லை என்று செத்த நேரம் நின்றேன்.

நம்முடைய கடைசி ரீலையும் இப்படி எவனோ ஒருத்தன் தூக்கிக்கொண்டு...

“ஏங்க, உங்க ரிசல்ட் வந்திருச்சாம். டாக்டர் உள்ள கூப்பிடுதாரு.”

என் மனைவிதான்.

“வாரேன்ட்டி. செத்த நேரம் நில்லு.”