பென்சில் குறி விழாத சீட்டு

நீதிபதி உட்கார்ந்திருக்கும் வரை டவாலி அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதுதான் விதி. டவாலியம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கிப்போன வருஷம், நீதிபதியம்மா ஆபீசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார்: சட்டப் புத்தகம் வைக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி வேண்டும். முக்காலி வந்தது.

"எந்தப் புத்தகத்தம்மா வைக்கட்டும்?"

"புத்தகத்துக்கு என்ன, காலா வலிக்குது? நீ உக்காரு."

அதோடு சரி. பிறகு அதைப்பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை.

நீதிபதியம்மா ஒரு தையற்காரியின் மகள். மிஷின் சத்தத்துக்கு நடுவில் சட்டம் படித்தவர். முதலில் ஜூனியராகச் சேர்ந்த இடத்தில் சீனியர் வக்கீல் ஏழு வருஷம் கேஸ் கட்டுகளைச் சுமக்கத்தான் விட்டார். சுமந்த கட்டுகளையெல்லாம் இவர் படித்துத் தீர்த்தார். உயர் நீதிமன்றத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. படித்த ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் ஒரு சின்னக் குறி போடுவார். "அந்தம்மா கல்யாணப் பத்திரிகைக்கே டிக் போட்டுத்தான் மாப்பிள்ளை பேரப் படிப்பாங்க" என்று வக்கீல்கள் வராந்தாவில் சிரிப்பார்கள்.

கட்டுகளைத் துளைபோட்டு நூலால் தைப்பது டவாலியம்மாவின் வேலை.

முதலாளியைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்ற ஒரு லாரி டிரைவரின் அப்பீல் வந்தது. கொலை நடந்த அன்று சாயங்காலம் கையில் அடிபட்டு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இருந்ததாகவும், அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைச் சிறையிலிருந்து கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும் அவன் சொன்னான். ஆஸ்பத்திரிப் பதிவேடு மழை வெள்ளத்தில் போயிருந்தது. அவனுடைய வக்கீல், கட்டை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கேட்டார்.

"முழுசும் படிச்சிட்டேன். அப்படி ஒரு சீட்டு இல்ல," என்றார் நீதிபதியம்மா.

உடன் அமர்ந்த நீதிபதியும் ஒப்புக்கொள்ள, தண்டனை உறுதியானது. உச்ச நீதிமன்ற அப்பீலும் கருணை மனுவும் தள்ளுபடியாகி, ஒன்றரை வருஷத்தில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

பழைய கட்டுகளைப் பதிவறைக்கு அனுப்ப ஒருநாள் டவாலியம்மா நூலைப் பிரித்தாள். இரண்டு தாள்களுக்கு நடுவே, தையலோடு சேர்ந்து மடங்கி, உள்ளங்கை அளவில் ஒரு சீட்டு. ஆஸ்பத்திரி முத்திரை, தேதி, நேரம், டிரைவரின் பெயர், எல்லாம் இருந்தன. மூலையில் பென்சில் குறி மட்டும் இல்லை.

அறையில் வேறு யாரும் இல்லை. கசக்கி எறிந்தால் கேட்பாரில்லை. கடவுளே என்று சீட்டின் மடிப்பை விரலால் நீவினாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நீதிபதியம்மா சீட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"தையலுக்குள்ளம்மா. நான்தான் தைச்சேன்."

அவர் பென்சிலை எடுத்து, சீட்டின் மூலையில் குறி போட்டார். கோடு கோணலாக விழுந்தது. "கதவச் சாத்திட்டுப் போ" என்றார்.

மறுநாள் தலைமை நீதிபதி மூலம் குடியரசுத் தலைவருக்கு ராஜினாமாக் கடிதம் போனது. சீட்டையும் அதோடு வைத்திருந்தார். கட்டை முழுதும் படித்ததாகச் சொன்னது தன் தவறு என்று எழுதியவர், தைத்தது யார் என்று எழுதவில்லை. பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. டிரைவரின் தங்கை வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அவள் போகும்வரை நீதிபதியம்மா படியிலேயே நின்று கேட்டார்.

கடைசி நாள் டவாலியம்மா பெட்டியைக் காரில் வைத்தாள். கண்ணைத் துடைக்கக்கூட வெட்கமாக இருந்தது.

"என் பேரையும் எழுதியிருக்கலாம்மா. தைச்ச பாவி நானில்லையா?"

"எழுதினா உன் வேலை போகும். அவன் வருவானா?" கார் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை இறக்கினார். பிறகு சொன்னார்: "துணியானாலும் தாளானாலும் ஓரம் விட்டுத் தைக்கணும்னு எங்கம்மா சொல்லுவா. இனிமே சின்னச் சீட்டும் வெளிய தெரியற மாதிரி ஓரம் விட்டுத் தை."