இரண்டு கோடு போட்ட மரம்

வெள்ளைக்கார ராஜா செத்துப்போய், எங்கள் தோட்டத்து ஆபீஸ் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கினார்களே, அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் என்னைப் போலீஸ் பிடித்தது. மலாயாவில் கோலா கிளாவாங் பக்கத்து மலைத்தோட்டம். நான் துரையின் டிரைவர்.

துரையிடம் ஒரு பந்தயக் கார் இருந்தது. பாசிப்பச்சை நிறம். இரண்டே இருக்கை, அவருடைய நாய்கூடக் காலடியில்தான் சுருண்டுகொள்ளும். அந்த நாய் ஒரு தனிக் கதை, இருக்கட்டும். அவசரகாலத்துக்கு முன்னால் துரையே ஓட்டுவார். காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் சுட ஆரம்பித்ததும் அவர் கைக்குத் துப்பாக்கி வந்தது, ஸ்டியரிங் என் கைக்கு வந்தது.

தோட்டத்துக்கு ஏறும் மேட்டில் ஒரு வளைவு. அங்கே ஏற்கனவே ஒரு லாரியைச் சுட்டிருந்தார்கள். வளைவுக்கு முன்பே மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்கிவிட வேண்டும். அவசரப்பட்டால் இன்ஜின் அலறி வேகம் போகும். தாமதித்தால் கியர்ப் பல் கடித்து வண்டி வளைவிலேயே நின்றுவிடும். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்து மாற்றச் சொல்வார் துரை. முள்ளைப் பார்த்தால் ரோட்டை யார் பார்ப்பது? நான் காதால்தான் மாற்றுவேன். ஆனால் அந்த இடம் வந்தாலே பயத்தில் காது அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரு ரப்பர் மரத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டேன், இரண்டாம் கியருக்கு. மேடு தணியும் இடத்தில் இன்னொரு மரத்தில் மூன்று கோடு.

போலீஸ் சார்ஜன் அதைப் பார்த்துவிட்டார். தமிழர்தான்.

“யாருக்குய்யா சிக்னல்? ரெண்டு கோடுன்னா ரெண்டு லாரியா?”

“கியருங்க ஐயா.”

“மரத்துக்குக் கியரா? கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்புவாங்க. அங்க போய்த் தென்ன மரத்துக்குப் போடு.”

என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். இந்தியாவை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் பகலில் துரையின் காரை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார் சார்ஜன். பின்னால் போலீஸ் லாரி வந்தது. மரத்தில் கோட்டைக் காணோம். என் கை தானாகவே கியரை இறக்கியது. வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது.

“கோட்ட நாந்தான் அழிக்கச் சொன்னேன். அது இல்லாமலே போடுறியே, அப்புறம் எதுக்கு?”

“பின்னால உங்க லாரி வருது ஐயா, பயமில்ல, காது கேக்குது. லாரியக் கீழ விட்டுட்டு நாம ரெண்டு பேர் மட்டும் ஏறிப் பாப்போம்லா.”

திரும்பி லாரியைப் பார்த்தார். பிறகு சரி என்றார். கீழே இறங்கி, லாரியை நிறுத்திவிட்டு மறுபடி ஏறினோம்.

இந்தத் தடவை இன்ஜின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. எது என் மரம் என்று தெரியவில்லை. தாமதமாக இறக்கினேன். பல் கடித்தது. வண்டி வளைவிலேயே நின்றுபோனது. காட்டில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. கத்தியும் எனக்குக் கேட்கவில்லையோ என்னவோ.

“என்ன சொன்ன?” என்றார் சார்ஜன்.

“நான் ஒண்ணும் பேசலைங்க.”

“எனக்கும் காது அடைக்குதுய்யா. எடு, எடு வண்டிய.”

மூன்றாம் தடவைதான் ஸ்டார்ட் பிடித்தது. மேலே போனதும், “கோட்ட நீயே திரும்பப் போட்டுரு” என்று சொல்லி என்னை விட்டுவிட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து போலீஸ் லாரி டிரைவரும் என் கோட்டைப் பார்த்தே கியர் மாற்றினார். அது காருக்கான இடம். ஆள் ஏற்றிய லாரி பத்து மரத்துக்கு முன்பே கியர் இறங்க வேண்டும். வளைவில் அது முக்குவது தினமும் நாங்கள் குடியிருந்த லயம்வரை கேட்கும். போய்ச் சொன்னால் மறுபடி மரம், கோடு என்று விசாரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இன்று பேரன் வண்டியில் மேடு ஏறினால் என் இடது கை தொடைமேல் கியரைத் தேடி அலைகிறது.

அந்த லாரி டிரைவர் பிறகு சிரம்பானில் வீடு கட்டிப் போனதாகக் கேள்வி. அவர் பிள்ளைகள் யாரையாவது பார்த்தால் சொல்லிவிடுங்கள்: அந்த இரண்டு கோடு லாரிக்கு இல்லை. பத்து மரம் முன்னால்.