மை படாத சட்டை

எலுமிச்சையும் சவுக்காரமும் கலந்த வாடை வீசினால் இந்த வயதிலும் கூசிப் போகிறேன்.

வங்கிக் குமாஸ்தா தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றபோது, "வேலை கிடைச்சிருச்சுக்கா" என்று பொய் சொல்லிவிட்டேன். சிராங்கூன் ரோட்டு ஒற்றை அறையில் ஊரார் துணி வெளுத்து என்னைப் படிக்கவைத்தவள் அக்கா. மூன்று வாரம், அவள் தேய்த்துத் தந்த வெள்ளைச் சட்டையோடு கிளம்பி, ஃபேரர் பார்க் திடலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் கணக்குப் புத்தகத்தோடு கிடந்தேன். ஒன்றும் ஏறவில்லை.

வேறொரு வங்கியின் தேர்வன்று காலை, யாருடைய சட்டையிலோ இருந்த மைக்கறையில் எலுமிச்சையைத் தேய்த்தபடி அக்கா சொன்னாள்: "பேங்க் ஆளுங்க சட்டையில கையோரம் மை இருக்கும். உன்னுதுல முதுகெல்லாம் புல்லுக்கறை."

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாளே."

மூன்று வாரமாக என் பொய்யைத் துவைத்து, கஞ்சி போட்டு, என்னிடமே தந்திருக்கிறாள்.

"இன்னைக்குத் திரும்பவும் பரீட்சை இருக்குக்கா" என்றேன், தலை நிமிராமல்.

அன்றும் தோற்றேன், அதற்கடுத்த முறைதான் தேறினேன். தேறிய நாள் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. மறக்காமல் இருப்பது, பொய் உடைந்த அந்தக் காலையில் நான் படியிறங்கும்போது அவள் சொன்னதுதான்.

"தோத்தாலும் நேரா வீட்டுக்கு வாடா. புல்லுல போய்ப் படுக்காத, கறை போக மாட்டேங்குது."