மடி யார் வீட்டுச் சொல்?

“இது அழுக்கு இல்ல, கசங்கல்” என்று, வந்தவர் நீட்டிய சட்டையை உதறிப் பார்க்கிறாள் தேவானை. “அழுகுனாத்தான் அழுக்கு. இது இன்னா பழமா?” கலர் புடவையை வெளுத்துத் தரச் சொல்கிறவர்களையும் விடமாட்டாள். “வெள்ள ஆக்குறதுதாம்மா வெளுக்கறது. தொவைக்கச் சொல்லு, தொவைக்கிறேன். வெளுத்தா சாயம் பூடும்.”

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்தெருவில் தகரக் கூரை போட்ட சலவைக் கடை அவளுடையது. மூன்று தலைமுறையாக வெளுக்கிற குடும்பம். துணியில் குறி போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. எந்த வீட்டு மூட்டை என்று மோந்தே சொல்லிவிடுவாள்.

போன மாதம் விஜயராகவன் வீட்டுக்குத் துணி கொடுக்கப் போனாள். வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர். இருபது வருட வாடிக்கை. முந்தின நாள் அவள் துவைத்துத் தேய்த்துத் தந்த வேட்டி, பால்கனிக் கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னா சார், கறை கீதா?”

“கறையெல்லாம் இல்லை. நாளைக்கு அப்பா திவசம். வெளிக் கை பட்ட துணி மடி ஆகாது, அதான் ஒரு தடவை நனைச்சு உலர்த்தியிருக்கேன். தப்பா எடுத்துக்காதே.”

இருபது வருடமும் இப்படித்தானா? அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் குரல் இறங்கவில்லை.

“மடின்னா இன்னான்னு தெரியுமா சார்? எங்க நாத்தனாரப் பெங்களூர்ல குட்த்துக்கீது. அங்க கன்னடத்துல மடின்னா தொவைச்ச துணி. தொவைக்கிறவங்க பேரே மடிவாளர். எங்க கையிலேர்ந்து போன சொல்லு அது.”

அவர் துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த வாரம் அந்த வீட்டு மூட்டை வரவில்லை.

“வாய வெச்சுக்கினு சும்மா இரேன். ஒரு வூடு போச்சு” என்றான் கணவன் செந்தில்குமார்.

“போனா போவட்டும். பொய்யா சொன்னேன்?”

பத்தாம் நாள் விஜயராகவனே மூட்டையோடு வந்தார். துவைத்து முடிந்த அன்றும் அவரே வந்து நின்றார்.

“அகராதியைப் பார்த்தேன் தேவானை. தமிழ்லயும் மடிக்கு வஸ்திரம்னு ஒரு அர்த்தம் போட்டிருக்கு. நீ சொன்னது சரிதான். ஆனா நாள் கிழமைன்னா நனைக்காம கட்டிக்க மனசு வரலையே.”

“நனைச்சுக்கோ சார், உன் வேட்டி. ஆனா அத்த மடின்னு சொல்லாத. ஈரம்னு சொல்லு.”

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. வெளுத்த வேட்டியை வழக்கம்போல மேசையில் வைக்காமல் இரண்டு கையாலும் நீட்டி, அவர் கை வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.